அம்மாவின் பிறந்தநாளுக்கு மதுரையில் இரண்டு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அவரைச் சென்னையிலிருந்து மதுரைக்கு அழைத்துப்போனேன். இரண்டு இரவு, அம்மாவும் நானும் மட்டும். அதைக் கேள்விப்பட்ட தோழிகளும் அலுவலகத்தில் கூட வேலை செய்பவர்களும் "எங்க அம்மாவையும் இப்படிக் கூட்டிட்டுப் போகணும், என்னென்ன பார்த்துக்கணும்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். எல்லாருக்கும் வரும் சந்தேகம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பதில்களை இங்கே சேர்த்து எழுதிவைக்கிறேன். மதுரையை வைத்துச் சொன்னாலும் பாதிக்கு மேல் எந்த ஊருக்கும் பொருந்தும்.

வீட்டிலேயே கொண்டாடினால் போதாதா? எதற்கு வெளியூர்?

வீட்டில் கொண்டாடினால் அம்மாவின் பிறந்தநாளுக்குப் பாயசம் வைப்பதும் அம்மாதான். "நீ உட்காரும்மா" என்று பத்து தடவை சொன்னாலும் அடுப்பில் என்ன இருக்கிறது என்று எழுந்துபோய்ப் பார்ப்பார். வருகிறவர்களுக்குக் காபி, போகிறவர்களுக்குத் தாம்பூலம் என்று மாலைக்குள் கால் வீங்கிவிடும். வெளியூர் போனால் சமையலறை இல்லை, அவ்வளவுதான் விஷயம். இன்னொன்றும் உண்டு: கல்யாணமாகிக் குடும்பமான பிறகு அம்மாவோடு தனியாக இரண்டு நாள் இருக்க நமக்கு வாய்ப்பே வருவதில்லை. பேரப்பிள்ளைகள் இல்லாமல், மருமகன் இல்லாமல், அம்மாவும் பிள்ளையும் மட்டும் இருக்கும்போது வரும் பேச்சே வேறு.

பயணம் என்றாலே பிடிக்காத பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

எந்தத் தேதியில் கொண்டாடுவது? ஆங்கிலத் தேதியா, நட்சத்திரமா, சான்றிதழில் இருக்கும் தேதியா?

இதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும், ஏனென்றால் டிக்கெட் அதைப் பொறுத்தது.

எழுபது வயதுக்காரர்களில் பலருக்கும் ஆதாரில் இருக்கும் தேதி உண்மையான தேதி இல்லை. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுக்கொடுத்த ஜூன் மாதத் தேதிதான் அப்படியே ஓய்வூதியம் வரை வந்திருக்கும். அந்த நாளில் வாழ்த்துச் சொன்னால் "அது ஸ்கூல் தேதிம்மா" என்பார்கள். உண்மையான நாள் பெரும்பாலும் தமிழ் மாதமும் நட்சத்திரமுமாகத்தான் நினைவில் இருக்கும்: ஆவணி ரோகிணி, மாசி மகம் என்று. சிலருக்கு அதுவும் இல்லாமல் ஒரு சம்பவம்தான் அடையாளம். என் சித்தி பிறந்தது தனுஷ்கோடியைப் புயல் அடித்த மார்கழியில். 1964 டிசம்பர் என்று அதை வைத்தே கணக்குப் போட்டோம்.

நட்சத்திரப்படி போவதானால் அந்த வருஷப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் நாளை முடிவுசெய்ய முடியும். ஆங்கிலத் தேதிக்கும் அதற்கும் சில வருஷம் ஒரு நாள்தான் வித்தியாசம் இருக்கும், சில வருஷம் இரண்டு வாரம்கூட வந்துவிடும். நட்சத்திரம் 27 நாளுக்கு ஒருமுறை திரும்பி வரும், தமிழ் மாதத்துக்கோ 29 முதல் 32 நாள். ஆகவே ஒரே மாதத்தில் அதே நட்சத்திரம் இரண்டு தடவை வருவதும் உண்டு. அப்படி வந்தால் பல குடும்பங்களில் பின்னால் வருவதைத்தான் பிறந்தநாளாக எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டு வழக்கத்தை அம்மாவிடமே கேட்டுவிடுங்கள்.

என் யோசனை: கோயில் அர்ச்சனை நட்சத்திரத்தன்று நடக்கட்டும், பயணமும் அந்த நாளைச் சுற்றியே அமையட்டும். ஆங்கிலத் தேதியில் பேரப்பிள்ளைகள் போனில் வாழ்த்துச் சொன்னால் போதும். லீவு கிடைக்கவில்லை என்று நட்சத்திரத்தை விட்டு வார இறுதிக்குத் தள்ளினால் அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் அந்த நாளில் அவர் மனதுக்குள் விளக்கேற்றியிருப்பார், நாம் பக்கத்தில் இருக்கமாட்டோம்.

சொல்லாமல் கூட்டிப்போய் ஆச்சரியப்படுத்தலாமா?

வேண்டாம். வயதானவர்களுக்குக் கிளம்புவது என்பதே ஒரு வாரத்து வேலை. மாத்திரை தீராமல் வாங்கிவைக்க வேண்டும், பால்காரரிடம் சொல்ல வேண்டும், செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் பார்க்க வேண்டும், பக்கத்து வீட்டில் சாவி கொடுக்க வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் திடீரென்று ரயிலில் ஏற்றினால் ஊர் போய்ச் சேரும்வரை "கேஸை மூடினேனா?" என்றுதான் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிட்டால் அந்த மாதம் முழுக்க அவர் தெருவில் நாலு பேரிடம் சொல்லிச் சந்தோஷப்படுவார். பயணத்தின் பாதி சந்தோஷம் அங்கேதான் இருக்கிறது. ஆச்சரியம் வேண்டுமானால் புடவை வாங்கித் தரப்போவதை மட்டும் மறைத்துவையுங்கள்.

ஊரை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஏன் மதுரை?

"எங்கே போகணும்?" என்று கேட்டால் "எங்கயும் வேண்டாம், உனக்குச் செலவு" என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றுங்கள். "யாரைப் பார்க்கணும்?" என்று கேளுங்கள்.

நான் அப்படித்தான் கேட்டேன். அம்மா யோசிக்கவே இல்லை, "அக்காவைப் பார்க்கணும்" என்றார். பெரியம்மா மதுரையில் மகன் வீட்டில் இருக்கிறார், முட்டி தேய்ந்துபோய் வெளியே போவதில்லை. கல்யாணம், காதுகுத்து என்று கூட்டத்தில் பார்த்துக்கொள்வதும் நின்றுபோய்விட்டது. அப்புறம் ஊரைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

பிறந்தநாள் என்றால் பெரியவர்கள் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குவது நம் வழக்கம். எழுபது வயதில் யார் காலில் விழுவது? எல்லாரும் அவர் காலில்தான் விழுகிறார்கள். பெரியம்மா வீட்டு வாசலில் நுழைந்ததும் அம்மா குனிந்தார், பெரியம்மா "எந்திரி பாப்பா, இடுப்பு பிடிச்சுக்கும்" என்றார். அம்மாவைப் பாப்பா என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அவர் ஒருவர்தான். இதற்கு ஈடாக நான் எந்த விடுதியையும் சுற்றுலா இடத்தையும் சொல்லமாட்டேன்.

அக்காதான் என்றில்லை. கூட வேலை பார்த்த டீச்சர், பழைய பக்கத்து வீட்டு அம்மா, தாய்மாமா மகள், யாராகவும் இருக்கலாம். அவர்கள் இருக்கும் ஊர்தான் உங்கள் ஊர். போகும் முன் அந்த வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அவர்கள் உடல்நிலையும் வீட்டு வசதியும் எப்படியோ. சாப்பாட்டுக்கு அவர்களைச் சிரமப்படுத்தாமல், மதியத் தூக்கம் முடிந்து மூன்று மூன்றரைக்குப் போய் விளக்கு வைத்த பிறகு கிளம்புவது நல்லது.

எந்த மாதம் போகலாம்?

பிறந்தநாள் வரும் மாதம்தானே போக முடியும்! ஆனால் தெரிந்துகொள்ளுங்கள்: சித்திரையில் மீனாட்சி கல்யாணம், தேர், அழகர் ஆற்றில் இறங்குவது என்று நகரமே ஜனக்கடலாக இருக்கும், வெயிலும் உச்சத்தில் இருக்கும். கார்த்திகை தொடங்கி தை வரை சபரிமலை பக்தர்கள் கூட்டம் கோயிலில் அதிகம். அம்மாவின் நட்சத்திரம் அந்த நாட்களில் விழுந்தால் கோயிலுக்கு விடியற்காலையில் போவதைத் தவிர வழியில்லை.

ரயிலா, காரா? டிக்கெட் எப்படி எடுப்பது?

சென்னையிலிருந்து மதுரை ஏறக்குறைய 500 கிலோமீட்டர். எட்டு மணி நேரம் காரில் உட்கார்ந்தால் முட்டியும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும், கழிவறைக்கு நல்ல இடம் தேடி அலைய வேண்டும். ரயில்தான் சரி.

பகல் ரயிலையே நான் பரிந்துரைப்பேன். தேஜஸ், நாகர்கோவில் போகும் வந்தே பாரத் இரண்டும் காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இரண்டுமே வாரத்தில் ஒரு நாள் ஓடாது, அந்த நாளையும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் மெதுவாகப் போகலாம் என்றால் வைகை இருக்கிறது. மதியம் சென்னையில் ஏறினால் இரவு மதுரை. காலை ரயிலில் போனால் திருச்சி தாண்டி திண்டுக்கல், கொடைரோடு பக்கம் மலைகள் கூடவே வரும். அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் படித்துக்கொண்டு வந்தார்.

இரவு ரயிலில்தான் போக வேண்டுமென்றால் பாண்டியன் எக்ஸ்பிரஸ் பலருக்கும் பழக்கமானது. அதில் கீழ்ப்படுக்கைதான் கவலை. 45 வயதைக் கடந்த பெண்களுக்கும் 60 வயதைக் கடந்த ஆண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு ஒன்று தனியாக இருக்கிறது. அந்தத் தகுதி உள்ளவர் தனியாகவோ, அதே தகுதி உள்ள இன்னொருவரோடு சேர்ந்தோ எடுக்கும் டிக்கெட்டுக்குத்தான் அது கிடைக்கும். நம் பெயரையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு வராது. அதனால் அம்மாவுக்குத் தனி டிக்கெட், நமக்குத் தனி டிக்கெட் என்று ஒரே பெட்டியில் எடுப்பது புத்திசாலித்தனம். முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கிறது, முன்பெல்லாம் 120 நாளாக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து குறைத்துவிட்டார்கள். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டது என்பதையும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் "பாதி டிக்கெட் போடலையா?" என்று கேட்பார்.

விடுதியில் எதைப் பார்த்து அறை எடுப்பது?

நீச்சல்குளமும் காலை பஃபேயும் நமக்கு. அம்மாவுக்கு வேண்டியது நாலு விஷயம்: லிஃப்ட், மேற்கத்திய கழிவறை, வழுக்காத குளியலறை, வெந்நீர். போனில் கூப்பிட்டு இந்த நாலையும் வாய்விட்டுக் கேளுங்கள். இணையத்தில் இருக்கும் படத்தில் குளியலறைத் தரை தெரியாது. குளியலறைக்குப் போக ஒரு படி இறங்க வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், பழைய கட்டடங்களில் அந்த ஒரு படியில்தான் இரவில் கால் தவறும்.

கோயிலுக்குப் பக்கத்தில் மாசி வீதிகள், வெளி வீதிகளில் நிறைய விடுதிகள் உண்டு. அங்கே எடுத்தால் நடையும் ஆட்டோச் செலவும் மிச்சம், சத்தம்தான் கொஞ்சம் கூடுதல். தெருவைப் பார்க்காத அறையாகக் கேளுங்கள். இரவு ரயிலில் விடிகாலையில் இறங்குபவர்கள், வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று கணக்கு வைக்கும் விடுதியாகப் பார்த்து எடுங்கள். காலை ஐந்தரை மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை அம்மாவை வரவேற்பறை சோபாவில் உட்காரவைக்கக் கூடாது. இருவருக்கும் அசல் ஆதார் கையில் இருக்கட்டும்.

இரண்டு அறை வேண்டாம், ஒரே அறை எடுங்கள். விளக்கணைத்த பிறகுதான் அம்மா சொல்லாத கதையெல்லாம் சொல்வார்.

பிறந்தநாளன்று கோயிலுக்கு எப்படிப் போவது?

விடியற்காலையில். நடை ஐந்து மணிக்குத் திறந்துவிடும். ஆறு மணிக்குள் உள்ளே போனால் கூட்டமும் குறைவு, கல்தரையும் குளிர்ந்திருக்கும். இந்தக் கல்தரை விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வருஷக்கணக்காகச் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். பதினோரு மணி வெயிலில் வெறுங்காலோடு நடந்தால் சுடுவதே தெரியாமல் கொப்புளம் போட்டுவிடும், அது ஆற மாதக்கணக்கில் ஆகும்.

கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டி வராது. ஆவணி மூல வீதிப் பக்கம் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும். ஆட்டோக்காரரிடம் "அம்மன் சன்னதி வாசலுக்குக் கிட்ட" என்று சொல்லுங்கள். கிழக்குப் பக்கம் அஷ்ட சக்தி மண்டபம் வழியாக நுழைந்தால் மீனாட்சி சன்னதிக்கு அதுதான் நேர்வழி. மதுரையில் முதலில் அம்மன், பிறகுதான் சுவாமி. கட்டண தரிசன வரிசை இருக்கிறது. நிற்கமுடியாதவர்களுக்காக அதை எடுத்துக்கொள்வதில் தயக்கமே வேண்டாம்.

போன் உள்ளே அனுமதியில்லை, வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இதனால் ஒரு சிக்கல் உண்டு: கூட்டத்தில் பிரிந்துவிட்டால் கூப்பிட முடியாது. நுழையும்போதே "பிரிஞ்சிட்டா பொற்றாமரைக் குளத்துக் கரையில உட்காரும்மா, நான் வந்துடறேன்" என்று சொல்லிவைத்துவிடுங்கள். சட்டைப்பையிலோ முந்தானை முடிச்சிலோ விடுதிப் பெயரும் உங்கள் எண்ணும் எழுதிய காகிதம் இருக்கட்டும். கையில் நாலு பிஸ்கட், ஒரு மிட்டாய். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வரிசையில் நின்றால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும்.

அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் சொல்வார்கள். நட்சத்திரம் தெரியாவிட்டால் பெயர் மட்டும் சொன்னால் போதும். அம்மாவிடம் கேட்டால் உங்கள் பெயரையும் பேரப்பிள்ளைகள் பெயரையும்தான் சொல்லத் தொடங்குவார். "இன்னைக்கு உன் பேருக்கும்மா" என்று நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.

தரிசனம் முடிந்ததும் ஓடிவராதீர்கள். முக்குறுணிப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு, குளத்தங்கரை மண்டபத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். விநாயகர் சதுர்த்தியன்று அந்தப் பிள்ளையாருக்குப் பதினெட்டுப் படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை செய்வார்கள், மூன்று குறுணி என்பது அந்த அளவுதான் என்று எனக்குச் சொன்னது அம்மா.

ஒரு நாளைக்கு எத்தனை இடம் பார்க்கலாம்?

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுவில் தூக்கம்.

மதுரை இதற்குத் தோதான ஊர். கோயிலே மதியம் நடைசாத்தி மாலை நாலு மணிக்குத்தான் திறக்கிறது, ஆகவே "நேரம் வீணாகுதே" என்ற உறுத்தல் இல்லாமல் படுக்கலாம். நாங்கள் வந்த நாள் மாலையில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு மட்டும் போனோம். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வெட்டிய குளம், நடுவே மைய மண்டபம். சுற்றுச்சுவர் ஓரம் காற்று வாங்கிக்கொண்டு உட்காரலாம், எதிரே சுண்டலும் சோளமும் விற்பார்கள். மறுநாள் காலை கோயில், மாலை பெரியம்மா வீடு. மூன்றாம் நாள் கடைவீதி, அப்புறம் ரயில்.

கூடுதலாக ஒரு இடம் வேண்டுமென்றால் திருமலை நாயக்கர் மகால். 1636இல் கட்டியது, இன்று நிற்பது அன்றைய அரண்மனையில் நாலில் ஒரு பங்குதான், அதற்கே கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். ஏறி இறங்க அதிகம் இல்லை. அழகர்கோயில், பழமுதிர்சோலை, திருப்பரங்குன்றம் என்று மூன்றையும் ஒரே நாளில் அடைக்கும் சுற்றுலா வண்டிகளை இந்தப் பயணத்தில் தொடாதீர்கள்.

கேக் வெட்டலாமா?

அம்மா ஆசைப்பட்டால் வெட்டலாம். ஆனால் அந்தத் தலைமுறையில் பலருக்கு எரியும் விளக்கை வாயால் ஊதி அணைப்பது மனதுக்கு ஒப்பாது. நாம் கைதட்டுகிறோமே என்று ஊதிவிடுவார்கள், உள்ளுக்குள் நெருடும். மெழுகுவத்தி இல்லாமல் கேக் வெட்டினால் குறைந்துபோவது ஒன்றுமில்லை. நான் ஊரிலிருந்து சின்ன காமாட்சி விளக்கைத் துணியில் சுற்றி எடுத்துப்போயிருந்தேன். விடுதி அறையில் விளக்கேற்ற அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு மேசைமேல் ஏற்றினோம், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து மலையேற்றினோம். ஹோட்டலில் சொல்லிவைத்தால் காலை டிபனோடு கேசரி கொடுப்பார்கள், பிறந்தநாளுக்கு அதுவே இனிப்பு.

சாப்பாடு? அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதே.

நேரம்தான் முக்கியம். எட்டரைக்கு டிபன், ஒரு மணிக்குச் சாப்பாடு, எட்டு மணிக்குள் இரவு உணவு என்று வீட்டு நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் எந்த நேரமும் சூடாக இட்லி கிடைக்கும், அதனால் கவலையில்லை.

ஜிகர்தண்டா குடிக்காமல் மதுரையிலிருந்து திரும்பினால் அம்மாவே ஒப்புக்கொள்ளமாட்டார். சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம் என்று முழுக்கச் சர்க்கரைதான். ஒரு டம்ளர் வாங்கி இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். அம்மா நாலு வாய், மிச்சம் நீங்கள். மாலையில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்பார்கள், சுக்கும் ஏலக்காயும் வாசமடிக்கும். அதிலும் வெல்லமோ கருப்பட்டியோ உண்டு, ஆகவே இரண்டையும் ஒரே நாளில் வேண்டாம். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கறிதோசை இருக்கிறது, அதை இரவில் தவிர்த்து மதியம் முடித்துவிட்டால் நெஞ்செரிச்சல் இருக்காது.

என்ன பரிசு வாங்கித் தரலாம்?

சுங்குடி. சௌராஷ்டிர நெசவாளர்கள் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்து உருவாக்கிய பருத்திப் புடவை, 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. இப்போது அச்சடித்ததும் சுங்குடி என்ற பெயரிலேயே விற்கிறார்கள், கைமுடிச்சு வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள். எடை இல்லை, வியர்வையை உறிஞ்சும், தினமும் கட்டலாம். எழுபது வயதில் பட்டுப்புடவை கனம், பீரோவில்தான் இருக்கும். கடைக்கு அம்மாவையே கூட்டிப்போய் அவரே பிரித்துப் பார்த்து, பேரம் பேசி, எடுக்கட்டும். அவசரப்படுத்தாமல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்த வாசத்துக்கு அது தேவையே இல்லை. முகூர்த்த நாளில் விலை எங்கேயோ போயிருக்கும், அன்றைக்கும் ஒரு முழமாவது வாங்கிவிடுங்கள். அப்பா இல்லாத அம்மாக்களுக்குப் பூ வாங்குவதில் பிள்ளைகள் தயங்குகிறார்கள். நான் வாங்கி அம்மா கையில் கொடுத்தேன். தலையில் வைத்துக்கொள்வதா, மீனாட்சிக்குச் சார்த்துவதா என்பது அவர் முடிவு. நாம் வாங்காமல் விட்டுவிட்டால் அந்த முடிவை நாம் எடுத்ததாக ஆகிவிடும்.

திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால்?

மாத்திரைகளைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள், இரண்டு நாளுக்குக் கூடுதலாகவே. கடைசி மருந்துச் சீட்டையும் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் அறையில் குளிர்சாதனப் பெட்டி உண்டா என்று கேளுங்கள். கதவுப் பக்கம் வைத்தால் போதும், உறைநிலைப் பெட்டியில் வைத்தால் மருந்து கெட்டுவிடும். அவசரம் என்றால் 108. மதுரை பெரிய மருத்துவமனைகள் உள்ள ஊர், அந்த வகையில் பயமில்லை.

"எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாரே?

உண்மையைச் சொல்லிவிடுங்கள், அப்புறம் ஏதாவது ஒன்றுக்கு அவரைப் பணம் கொடுக்க விடுங்கள். எங்கள் பயணத்தில் ஆட்டோவும் காபியும் அம்மாவின் செலவு. சுருக்குப்பையைத் திறந்து சில்லறை எண்ணிக் கொடுத்தபோது அவர் முகத்தில் இருந்த நிறைவை நான் பார்த்தேன். ஓய்வூதியம் வாங்கும் பெற்றோர் என்றால் இன்னும் தாராளமாக விட்டுக்கொடுங்கள்.

அண்ணன், தங்கை எல்லாம் வருத்தப்படமாட்டார்களா?

முதலிலேயே பேசிவிட்டால் வருத்தம் வராது. ஒருவர் டிக்கெட், ஒருவர் அறை என்று பங்கு போட்டுக்கொள்ளலாம், பிறந்தநாளன்று மாலை எல்லாரும் வீடியோ அழைப்பில் வரலாம். கூட வருவது மட்டும் ஒருவராக இருக்கட்டும். அடுத்த வருஷம் அண்ணன் முறை.

அப்பா இறந்த பிறகு வரும் முதல் பிறந்தநாள். என்ன செய்வது?

வருஷம் திரும்பும்வரை பல குடும்பங்களில் விசேஷம் எதுவும் செய்யமாட்டார்கள். அந்த வருஷம் நாங்களும் எங்கும் போகவில்லை. நான் லீவு போட்டு அம்மாவோடு வீட்டில் இருந்தேன், நான் சமைத்தேன், அவர் சாப்பிட்டார். கோயில், ஊர்சுற்றல் எல்லாம் அவருக்காகத் தோன்றும்போது போகலாம். "மனசை மாத்திக்கணும், வா" என்று இழுக்காதீர்கள்.

அறுபது, எண்பது என்றால் திருக்கடையூர் போக வேண்டாமா?

அது வேறு. சஷ்டியப்தபூர்த்தியும் சதாபிஷேகமும் சொந்தபந்தம் கூடிச் செய்யும் சாந்திகள், பெற்றோர் இருவரும் இருக்கும்போது அதற்கான திட்டமே தனி. அறுபது ஆண்டில் தமிழ் வருஷப் பெயர் ஒரு சுற்று சுற்றி அதே பெயருக்கு வரும். 1964 குரோதியில் பிறந்த என் சித்திக்கு 2024இல் மறுபடி குரோதி வந்தது, சித்தப்பாவோடு திருக்கடையூரில் செய்தோம். அந்தக் கூட்டத்தில் அவரோடு பத்து நிமிஷம் தனியாகப் பேச முடியவில்லை. சாந்தி செய்கிறவர்கள் அதைச் செய்துவிட்டு, அடுத்த பிறந்தநாளுக்கு இந்த மாதிரிச் சின்னப் பயணத்தை வைத்துக்கொள்ளலாம்.

அப்பாவை அழைத்துப்போவதானால் திட்டம் மாறுமா?

கொஞ்சம் மாறும். என் கணவர் மாமாவை, அதாவது தன் அப்பாவை, இதே மதுரைக்குக் கூட்டிப்போனார். அப்பாக்கள் உட்கார்ந்து பேசுவதைவிட எதையாவது பார்த்துக்கொண்டே பேசுவதை விரும்புகிறார்கள் என்று அவர் சொல்வது எனக்கும் சரியாகப் படுகிறது. அதனால் காந்தி அருங்காட்சியகம் போனார்கள். ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் 1959இல் நேரு திறந்துவைத்தது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. மாமா அதன் முன்னால் வெகுநேரம் நின்றாராம், தன் அப்பா கதர் கட்டியதைப் பற்றி முதல்முறையாக மகனிடம் சொன்னாராம். ஊருக்கு வெளியே கீழடி அருங்காட்சியகமும் உண்டு, 2023இல் திறந்தது. செட்டிநாட்டு வீடு போலக் கட்டியிருக்கிறார்கள், முற்றமும் தாழ்வாரமுமாக நிழலில் நடக்கலாம். வார விடுமுறை என்றைக்கு என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பரிசுக்கு அவர்கள் மேலமாசி வீதிக்குப் போனார்கள். 1921 செப்டம்பரில் காந்தி தங்கியிருந்து, மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறிய வீடு அங்கேதான் இருக்கிறது. இப்போது அது கதர்க்கடை. பிறந்தநாள் வேட்டியை மாமா அங்கேயே எடுத்துக்கொண்டார், பணத்தையும் அவரேதான் கொடுப்பேன் என்று நின்று கொடுத்துவிட்டாராம்.